கண்கட்டியும் கண்குழி அழற்சியும்

சங்கரன்கோயிற் கோமதியம்மன் சந்நிதியிற் புற்றுமண் பெற்று மேனியிற் பூசிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தோல் நோய்க்கு அதனை மருந்தெனக் கொள்வர். இமையில் வீக்கம் எழுந்தால் நாமக்கட்டியை இழைத்துப் பூசுதலும் தமிழகத்து இல்லங்களில் உண்டு. நம்பிக்கையை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. இமைவீக்கம் அனைத்தையும் ‘கண்கட்டி’ என்னும் ஒரு சொல்லால் அடக்குதல் விளைக்கும் இடரே கருதப்படுகிறது.

கண்கட்டி, கண்ணின்கண் எழும் கட்டி என விரியும். அது தோன்றுவது இமையிலாதலின், கண் என்னும் முதற்பெயர் சினையாகிய இமைக்கு ஆகிவந்தது, முதலாகுபெயர் என்க. வழக்கில் இது குற்றமன்று. மருத்துவத்திலோ, நோய் இமையளவில் நின்றதா, கண் அமைந்த குழியினுள் புகுந்ததா என்பதே தலையாய வினா.

கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமைவரை மெல்லிய சவ்வொன்று திரைபோல் அமைந்துள்ளது. இதனைக் ‘கண்குழித் தடுப்பு’ எனலாம். இதன் முன்னே நிகழ்வது முன்னழற்சி. பின்னே நிகழ்வது பின்னழற்சி.

கண்கட்டி, இமைமயிரின் அடியிலுள்ள சுரப்பியில் நுண்ணுயிர் புகுவதால் எழுவது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியால் நாள்தோறும் மூன்று நான்கு முறை ஒற்றடமிட, பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கும். அதனைப் பிதுக்குதல் தகாது. இமைக்கீறல், பூச்சிக்கடி ஆகியவற்றின் வழியே நுண்ணுயிர் பரவின் முன்னழற்சி உண்டாகும். அப்போது இமை சிவந்து வீங்கினும் பார்வை குன்றாது; விழி நோவின்றி அசையும். மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இது தீரும்.

பின்னழற்சி பெரும்பாலும் மூக்கை அடுத்த எலும்பறைகளிலிருந்து வருவது. அவற்றுக்கும் கண்குழிக்கும் இடையே தாள்போன்ற எலும்பே உள்ளதாதலின், சளிநோயின் சீழ் எளிதிற் கடக்கும். விழி முன்தள்ளல், அசைக்குங்கால் நோதல், அசைவு குறைதல், பார்வை மங்கல், காய்ச்சல் ஆகியன இதன் குறிகள். பார்வை நரம்பு நசுங்கிக் கண்ணொளி கெடலாம். நோய் மூளையை எட்டின் உயிருக்கே இறுதியாம். ஆதலின் நோயாளியை மருத்துவமனையிற் சேர்த்து, குருதிநாளத்தின் வழியே மருந்து செலுத்துவர், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சீழ் திரண்டிருப்பின் அறுவையால் வெளியேற்றுவர். இக்குறி கண்டார் வீட்டு மருந்தில் ஒருநாளும் கழித்தலாகாது. சங்கரன்கோயிலார்க்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது என்பதும் நினைவிற்குரியது.

2021-இல் கொரோனாவை அடுத்து நீரிழிவுடையாரிடையே பரவிய ‘கருப்புப் பூஞ்சை’ நோயும் மூக்கு வழியே கண்குழியை அடைந்ததே. அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு அதனை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. அப்பூஞ்சை மண்ணிலும் மக்கிய பொருளிலும் வாழ்வது. பிற நுண்ணுயிர்களும் மண்ணில் உள. ஆதலின் எம்மண்ணாயினும் புண்பட்ட இமையில் இடுதல் தகாது.

கண்ணோய் 96 என எண்ணிப் பெயரிட்டது சித்த மருத்துவ மரபு. அவ்வளவு நுணுக்கமாகப் பகுத்த மொழியில் முன்னழற்சிக்கும் பின்னழற்சிக்கும் வெவ்வேறு பெயர் வழங்குதல் அரிதன்று. ‘வெறும் கண்கட்டிதான்’ என்று தாய் காத்திருப்பதும், ‘இது கண்குழி நோய்’ என்று விரைவதும் சொல்லால் வேறுபடுவன. அச்சொல்லை ஆக்கி வழக்கிற் சேர்ப்பது தமிழாய்வார் கடன்.