ஆதொண்டன் கதை: குடியேறியவர் கூற்றும் குறும்பர் மௌனமும்

தொண்டை மண்டலத்தின் தோற்றம் குறித்துச் செங்கற்பட்டுச் சீமையில் வழிவழியாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. காடடர்ந்து கிடந்த இந்நிலத்தில் குறும்பர் என்னும் மக்கள் வாழ்ந்தனர்; புழலைத் தலைமைக் கோட்டையாகக் கொண்டு நாட்டை 24 கோட்டங்களாகப் பகுத்து ஆண்டனர்; சோழன் மகனாகிய ஆதொண்டச் சக்கரவர்த்தி படையெடுத்து வந்து முதலில் தோற்று, பின்னர் இறையருளால் வென்று, அவர்தம் ஆட்சியை அழித்தான்; ஆளற்றுப்போன நிலத்தில் சோழநாடு, துளுநாடு முதலிய இடங்களிலிருந்து வேளாண் குடிகளைக் கொணர்ந்து அமர்த்திக் காணியாட்சி வழங்கினான் என்பது அதன் சுருக்கம். இளமையில் நம்மிற் பலரும் பெரியோர் வாயிலாகக் கேட்டதுதான் இது. ஆயினும் இக்கதையை முதலிற் சொன்னவர் யார், எழுத்தில் ஏற்றியவர் யார், அதனால் பயன் பெற்றவர் யார் என்னும் வினாக்களை நாம் அதிகம் எழுப்பியதில்லை.

இத்தகைய வினாக்கள் பிற நாடுகளில் எழுப்பப்பட்டுள்ளன. அமெரிக்கர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நன்றியறிதல் நாள் கொண்டாடுகின்றனர். 1620இல் கப்பலேறி வந்து பிளிமத் என்னுமிடத்தில் குடியேறிய ஆங்கிலேயர், மறு ஆண்டு நல்ல விளைச்சல் கண்டு, அந்நிலத்து மக்களாகிய வாம்பனோவாக்கியரை அழைத்து விருந்தயர்ந்தனர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை. குடியேறியவருள் ஒருவராகிய எட்வர்டு வின்சுலோ அக்காலத்தில் எழுதிய கடிதமோ சில வரிகளே உடையது. மாசசாய்ட் என்னும் தலைவர் ஏறத்தாழ 90 பேருடன் வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர் என்பதே அதிலுள்ள செய்தி. நன்றியறிதல் விழா என்ற பெயர் அக்கடிதத்தில் இல்லை. 1841இல் பதிப்பாசிரியர் ஒருவர் அடிக்குறிப்பில் இட்ட பெயர் அது. ஆபிரகாம் லிங்கன் 1863இல் அந்நாளை நாடு தழுவிய விழாவாக அறிவித்தார்.

வாம்பனோவாக்கியர் தரப்பிலோ கதை முன்னதாகவே தொடங்குகிறது. பிளிமத் நின்ற இடம் அவர்களுடைய பட்டுக்செட் என்னும் ஊர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அவ்வூர் முற்றும் அழிந்தது. வந்தவர்கள் கண்ட ‘வெற்று நிலம்’ உண்மையில் இறந்தவர்களின் வயல்! மாசசாய்டின் மகன் மெட்டாகம் 1676இல் போரில் கொல்லப்பட்டு, அவன் தலை அதே பிளிமத்தில் ஆண்டுக்கணக்காகக் கழுவில் வைக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு முதல் அம்மக்கள் நன்றியறிதல் நாளன்று அவ்வூரில் கூடித் துக்கநாள் காத்து வருகின்றனர். ஒரே நாள், ஒரே ஊர், இருவேறு கதைகள்.

இனி நம் கதைக்கு வருவோம்.

காலமும் கதையும்

ஆதொண்டனைக் குலோத்துங்க சோழனின் மகன் என்றே கதை கூறும். முதற் குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070இல். ஆனால் அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முற்பட்ட சுந்தரர், திருமுல்லைவாயில் பதிகத்தில் தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிய நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அப்பாடலில் தொண்டைமான் உண்டு, யானை உண்டு, முல்லை உண்டு. குறும்பர் இல்லை, குடியேற்றமும் இல்லை. கோயிலார் காட்டும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பது தலபுராண வழக்கு. ஆகவே பழைய பக்திக் கதை ஒன்றின்மேல் போர்க் கதையும், அதன்மேல் நிலக் கதையும் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்து கோயிலாக்கிய பல்லவர், காஞ்சியிலிருந்து பல நூற்றாண்டுகள் இந்நாட்டை ஆண்டவர், இக்கதையில் இடம்பெறவே இல்லை! காட்டிலிருந்து குறும்பர், குறும்பரிலிருந்து சோழர் என்று கதை ஒரே தாவலாகத் தாவிவிடுகிறது. சோழர் கல்வெட்டுகள் மாமல்லபுரத்தை ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாட்டு ஊராகக் குறிக்கின்றன. அக்கோட்டப் பகுப்பைக் குறும்பர் வகுத்ததாகக் கதையே ஒப்புக்கொள்கிறது. தோற்றவர் வரைந்த எல்லைகளை வென்றவர் அழிக்கவில்லை. அவற்றின் மேலேயே தம் ஆட்சியை எழுதினர். மாசசூசெட்சு என்னும் மாநிலப் பெயரே அங்கிருந்த பழங்குடி ஒன்றின் பெயர்தான் என்பது இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது.

கதைக்குள் ஒளிந்த மறுகதை

குறும்பர் தாமே எழுதிவைத்த வரலாறு எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும் வென்றவர் சொன்ன கதைகளுக்குள்ளேயே அவர்தம் குரல் ஆங்காங்கே கேட்கிறது. 1821இல் மறைந்த நில அளவையாளர் காலின் மெக்கன்சி, தம் உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளில் குறும்பரைப் பற்றிய குறிப்புகள் பல உள. அவற்றை குஸ்டாவ் ஆப்பர்ட் 1893இல் வெளிவந்த தம் நூலில் எடுத்தாண்டுள்ளார். அவற்றின்படி, குறும்பர் வெறும் ஆட்டிடையரோ காட்டுமனிதரோ அல்லர். சமண நெறியைத் தழுவியவர். கப்பல் வழி வாணிகம் செய்தவர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அவர்களோடு தொடர்பு நாடிக் கடற்கரையில் பட்டிபுலம், சாலக்குப்பம், ஆலம்பரை, மரக்காணம் முதலிய இடங்களை அமைத்தனர் என்கிறது ஒரு குறிப்பு. பட்டிபுலம் மாமல்லபுரத்திற்கு வடக்கே இன்றும் உள்ள ஊர். கல்லாதவர், காட்டவர் என்று ஒரு பக்கம் இகழ்ந்துவிட்டு, மறுபக்கம் அவர்கள் கப்பலையும் கோட்டையையும் மறைக்க இயலாமல் கதைசொல்லி தடுமாறுவதை இங்கே காணலாம்.

அதினும் கொடிய குறிப்பு ஒன்று திருக்கழுக்குன்றத்தை அடுத்த நெரும்பூரைப் பற்றியது. அவ்வூர்க் குறும்பர் வேளாளரைத் தம்முன் தலைவணங்கச் செய்து இழிவுபடுத்தினராம். மனம் புழுங்கிய வேளாளர் நாவிதருடன் கலந்து சூழ்ச்சி செய்தனர். குறும்பருள் ஒருவர் இறக்க, சுற்றத்தார் அனைவரும் தலைமழிக்க அமர்ந்தபோது, மழித்த கத்தியே ஒவ்வொருவர் கழுத்தையும் அறுத்தது. செய்தி கேட்ட பெண்டிர் தீ வளர்த்துச் சாபமிட்டு அதில் பாய்ந்து மாண்டனர். இது நடந்த நிகழ்ச்சியா என உறுதிசெய்யச் சான்றில்லை. எனினும், வென்றவர் வழியில் வந்தோரே இதனைச் சொல்லி வந்தனர் என்பதும், சொல்லும்போது அப்பெண்களின் சாபத்தை விட்டுவிடவில்லை என்பதும் எண்ணத்தக்கன. வீரக்கதையாக மட்டும் இருந்திருப்பின் சாபத்திற்கு அங்கே என்ன வேலை?

பட்டயமான கதை

1763இல் நவாப் முகம்மது அலி வாலாஜா செங்கற்பட்டுச் சீமையைக் கும்பெனியாருக்கு ஜாகீராக வழங்கினார். 1780இல் தொடங்கிய மைசூர்ப் போரில் இச்சீமை பாழ்பட்டது. அதன்பின் வரி வாங்க வந்த ஆங்கில அதிகாரிகளுக்கு ஒரே வினாதான் முன்நின்றது: நிலம் யாருடையது? 1794 முதல் 1798 வரை இங்கு அதிகாரியாக இருந்த லயனல் பிளேசும், அவருக்குப் பின் வந்தோரும் இவ்வினாவோடு மல்லுக்கு நின்றனர். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிசு துரை, தம் சிரஸ்ததார் சங்கரையாவின் துணையுடன் மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சேறிய விடைகளில், காணியாட்சியின் மூலத்தை ஆதொண்டனின் குடியேற்றத்திலேயே கண்டார். மிராசு என்பது மரபுரிமை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. காணியாட்சி என்ற தமிழ்ச் சொல்லும் மிராசு என்ற அரபுச் சொல்லும் கும்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒன்றாயின. ஊர்த் திண்ணையில் கிடந்த கதை அன்றுமுதல் அரசாங்கப் பட்டயத்தின் தகுதியைப் பெற்றது.

எல்லிசின் தமிழ்ப் புலமையை நாம் போற்றுகிறோம், போற்றத் தக்கதே. ஆனால் அவர் கேட்டறிந்தது பெரும்பாலும் காணியாளரிடமும் கற்றோரிடமும். உழுத பண்ணையாளிடம் யாரும் ஆதொண்டன் கதையைக் கேட்கவில்லை.

அதன் விளைவு முக்கால் நூற்றாண்டு கழித்து வெளிப்பட்டது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாரர்க்கே முன்னுரிமை என்பதால், உழுபவனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. 1892இல் பிறந்த ஆணையின் வழி ஒதுக்கப்பட்டவையே பின்னர்ப் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. அதே காலத்தில் மறுகதையும் எழுத்துருப் பெற்றது. அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களைப் பௌத்தம் பேணிய பூர்வத் தமிழர் என்று எழுதினார். இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1922இல் அரசு ஏற்ற ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரே, முதலில் இருந்தவர் யார் என்ற வழக்கில் அம்மக்கள் தாக்கல் செய்த பதில்மனு எனலாம்.

இவ்வழக்கில் எவர் பெயராலும் முன்னிறுத்தப்படாத மக்களும் இக்கரையில் உளர். மாசி மகத்தன்று இருளர் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரையில் கூடி, சேலைகளால் குடில் கட்டித் தங்கி, விடியலில் கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணங்களும் அங்கேயே நடைபெறுகின்றன. கோபித்துக் கடலுக்குள் சென்ற அம்மனைக் கரைக்கு அழைத்து வருவதாக அவர்கள் கூறுவர். அவர்களுடைய அக்கதையில் அரசனும் இல்லை, குடியேற்றமும் இல்லை.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். காணி யாருக்கு என்ற வழக்கு ஏட்டளவில் முடிந்துவிட்டதாக எண்ணுவோர் இந்நாளை நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் மாணவர்கள் கள ஆய்வுக்குச் செல்லும்போது நெரும்பூர், பட்டிபுலம், காரணை ஆகிய மூன்று ஊர்களிலும் ஆதொண்டன் கதையைக் கேட்டு எழுதி வரலாம். மேலத் தெருவில் ஒரு முறை, சேரியில் ஒரு முறை, கடலோரக் குப்பத்தில் ஒரு முறை எனக் கேட்டால் நலம். கதை எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் சொல்பவர் குரல் தாழ்கிறது என்பதையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும்.