கனமான ஆளுக்கு எந்த சைக்கிள்?

என் எடை 102 கிலோ. தாம்பரம் பக்கம் எந்தக் கடையில் சைக்கிள் கேட்டாலும், "தம்பி, உங்க வெயிட்டுக்கு ஸ்கூட்டர்தான் லாயக்கு" என்றே சொல்கிறார்கள். அது சரியில்லை என்பதற்கு நாம் படிக்கும் மெக்கானிக்கல் பாடமே சாட்சி.

சைக்கிள் வாங்கப் போனால் எல்லாரும் ஃபிரேமைத்தான் தட்டிப் பார்க்கிறோம். ஆனால் கனமான ஆள் ஏறினால் பெரும்பாலும் முதலில் மக்கர் பண்ணுவது பின் சக்கரம். ஆளும் வண்டியும் சேர்ந்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் அதன் மேல்தான் விழுகிறது. ஸ்போக்ஸ் கம்பிகள் எல்லாம் இழுத்துக் கட்டப்பட்டவை. தரைப் பக்கம் வரும் கம்பி கொஞ்சம் தளரும். மேலே போனதும் மறுபடி இறுகும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். அப்படியானால் 10 கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் ஒவ்வொரு கம்பியும் சுமார் 4,500 தடவை தளர்ந்து இறுகுகிறது! எடை கூடக் கூட இந்தத் தளர்வும் கூடும். கடைசியில் உலோகம் அயர்ந்து கம்பி அறுந்துவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னால் பஸ் வரும்போது வீல் கோணினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விடை நம் பால்காரர் சைக்கிளிலேயே இருக்கிறது. 28 அங்குல வீல். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. சுமை எங்கேயோ அங்கே கம்பி அதிகம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ் எல்லாம் இந்த ஜாதிதான். ஆனால் வண்டியே சுமார் 20 கிலோ. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளில் 20, 24 கம்பிகளே இருப்பதுண்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு முடிச்சூர் ரோட்டுப் பள்ளங்களில் அது தாங்குமா? ஆகவே இரண்டுக்கும் நடுவே பார்த்து வாங்குங்கள்:

1. பின் சக்கரத்தில் 36 கம்பி, குறைந்தது 32.

2. டயர் அகலம் 35 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். காற்று, டயரில் அச்சடித்திருக்கும் அளவுக்குள்.

3. அலுமினிய ரிம், முடிந்தால் டிஸ்க் பிரேக்.

4. கையேட்டில் உள்ள எடை வரம்பு. உங்கள் பையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடியாக விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் இறுக்கிக் கோட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை.

"எடை குறையட்டும், அப்புறம் ஓட்டலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம், நண்பர்களே. ஓட்டினால்தானே குறையும்! தைரியமாக ஏறி மிதியுங்கள்.