காசு கட்டினால்தான் சைக்கிள் ஓடுமா? ஸ்ட்ராவா சந்தா யாருக்குத் தேவை, யாருக்கு வீண்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் நின்றதும் முதலில் கேட்கும் கேள்வி, "ஸ்ட்ராவால ஏத்திட்டீங்களா?" என்பதுதான். எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், எவ்வளவு ஏற்றம் என எல்லாமே அந்த ஆரஞ்சு நிற ஆப்பில் பதிவாகிவிடுகிறது. பதிவாவது இலவசம். ஆனால் கொஞ்ச நாளிலேயே எதைத் தொட்டாலும் "சந்தா செலுத்துங்கள்" என்று ஒரு திரை வந்து நிற்கும்.

அந்தக் காசு கட்டலாமா, வேண்டாமா? நீங்கள் எப்படி சைக்கிள் ஓட்டுறீங்க என்பதைப் பொறுத்துதான் இதற்கான பதில்.

ஸ்ட்ராவா எங்கிருந்து வந்தது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே படகுப் போட்டி அணியில் துடுப்பு போட்ட மார்க் கெய்னி, மைக்கேல் ஹோர்வத் என்ற இரு நண்பர்கள் 2009-ல் தொடங்கிய நிறுவனம் இது. தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ. ஸ்வீடிஷ் மொழியில் 'ஸ்ட்ராவா' என்றால் பாடுபடுவது, முயல்வது என்று பொருள். ஆரம்பத்தில் சைக்கிளுக்காக மட்டுமே இருந்தது. ஓட்டம், நீச்சல், நடை எல்லாம் பிறகு சேர்ந்தவை. உலகம் முழுக்க 15 கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்துவதாக 2025-ல் நிறுவனம் கூறியது.

இலவசமாகவே என்னென்ன கிடைக்கும்?

பலர் நினைப்பதை விட அதிகம். ஜிபிஎஸ் பதிவு, தூரம், நேரம், சராசரி வேகம், ஏற்றம், வரைபடம் எதற்கும் காசு வேண்டாம். கார்மின், வாஹூ போன்ற சைக்கிள் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாலும் தானாக ஸ்ட்ராவாவுக்கு வந்துவிடும். கிளப்பில் சேரலாம், மாதாந்திர சேலஞ்சில் கலந்துகொள்ளலாம், நண்பருக்கு 'கூடோஸ்' போடலாம், கமென்ட் எழுதலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 'பீக்கன்'. நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை வீட்டில் இருப்பவர் நேரலையாகப் பார்க்கும் வசதி இது. முன்பு சந்தாதாரருக்கு மட்டும் இருந்தது. இப்போது மொபைல் ஆப்பில் எல்லோருக்கும் இலவசம். விடியும் முன்பே தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுறவங்க இதை ஆன் பண்ணாமல் கிளம்பவே கூடாது. லிங்கை அனுப்பினால் போதும், பார்ப்பவரின் போனில் ஸ்ட்ராவா இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

இன்னொரு விஷயம். "பாதி வழியில் பதிவு நின்னுடுச்சு, சந்தா கட்டினா சரியாகுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. ஜிபிஎஸ் சிக்னலைப் பிடிப்பது உங்கள் போன். சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் ஸ்ட்ராவாவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினால் பெரும்பாலும் பிரச்னை தீர்ந்துவிடும்.

2020-ல் விழுந்த பூட்டு

2020 மே மாதம் வரை பல நல்ல வசதிகள் இலவசமாக இருந்தன. அந்த மாதம் ஸ்ட்ராவா ஒரு முடிவெடுத்தது. செக்மென்ட்டின் முழுப் பட்டியலும், பாதை வரையும் கருவியும் சந்தாவுக்குள் போயின. நிறுவனம் இன்னும் லாபம் பார்க்கவில்லை, விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பதை விடப் பயனர்களிடமே நேரடியாகக் கட்டணம் வாங்குகிறோம் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். கோபப்பட்டவர்கள் நிறைய. ஆனால் நம் தகவலை வைத்து விளம்பரம் காட்டும் ஆப்களுடன் ஒப்பிட்டால், 'காசு கொடு, சேவை வாங்கு' என்பது நேர்மையான வியாபாரம்தான்.

செக்மென்ட்: ஆசையைத் தூண்டும் இடம்

ஒரு சாலையின் குறிப்பிட்ட துண்டை யாரோ ஒருவர் குறித்து வைப்பார். அதுதான் செக்மென்ட். அந்த வழியாக ஓட்டும் ஒவ்வொருவரின் நேரமும் தானாகக் கணக்கிடப்பட்டு வரிசையாகும். முதலிடம் ஆணுக்கு 'கிங் ஆஃப் தி மவுன்டன்', பெண்ணுக்கு 'குயின் ஆஃப் தி மவுன்டன்'. பெயரில் மலை இருந்தாலும் சமதளச் சாலைக்கும் இதே பட்டம்தான்.

இலவசக் கணக்கில் முதல் 10 பேரின் பட்டியலும் உங்கள் நேரமும் தெரியும். சந்தா கட்டினால் முழுப் பட்டியல், வயது வாரியாக, எடை வாரியாக, நண்பர்களுக்குள் என்று பிரித்துப் பார்க்கலாம். கேட்க சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்த 48 வயதுக்காரருக்கு, முதல் 10 இடங்களில் இருக்கும் இளைஞர்களின் நேரம் எந்த வகையிலும் உதவாது. தன் வயதுக்காரர்களில் தான் எங்கே நிற்கிறோம், கூடவே ஓட்டும் நண்பரை விட எவ்வளவு பின்தங்கினோம் என்பதுதான் அவருக்குச் சுவாரஸ்யம். ஸ்ட்ராவா பூட்டி வைத்திருப்பதும் சரியாக அந்த இடத்தைத்தான்.

ஏலகிரியின் 14 வளைவுகளையோ, ஊரில் உள்ள ஒரு மேம்பாலத்தையோ வாரா வாரம் ஏறி நேரத்தைக் குறைக்கப் பார்ப்பவர் நீங்கள் என்றால், சந்தாவில் உங்களுக்கு அர்த்தம் இருக்கிறது. போட்டி பிடிக்காதவருக்கு இந்த வசதி ஒரு பைசா பெறாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி மலைப்பகுதியில், பறிபோன இறக்கச் சாதனையை மீட்க முயன்ற ஒரு சைக்கிள் ஓட்டி விபத்தில் உயிரிழந்தார். குடும்பத்தினர் 2012-ல் ஸ்ட்ராவா மீது வழக்கு போட்டனர். 2013-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதாவது, பட்டியலுக்காக எடுக்கும் ரிஸ்க் சட்டப்படி உங்களுடையது. பஸ்ஸும் லாரியும் எதிரே வரும் மலைச்சாலை இறக்கத்தில் முதலிடம் தேடுவது முட்டாள்தனம். ஏற்றத்தில் மட்டும் போட்டி போடுங்கள்.

உடற்தகுதி வரைபடம்: சென்சார் இல்லாவிட்டால் வெறும் கோடு

சந்தாவின் இன்னொரு பெரிய கவர்ச்சி 'ஃபிட்னஸ் அண்ட் ஃப்ரெஷ்னஸ்' வரைபடம். விளையாட்டு அறிவியலில் பல ஆண்டுகளாகப் புழங்கும் கணக்கு இது. ஒவ்வொரு பயிற்சிக்கும் அதன் கடினத்துக்கு ஏற்ப ஒரு மதிப்பெண். சுமார் 42 நாட்களின் சராசரி உங்கள் உடற்தகுதி, சுமார் 7 நாட்களின் சராசரி உங்கள் களைப்பு. சமீபத்திய நாட்களுக்கு இரண்டிலும் அதிக மதிப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உடல் இப்போது புத்துணர்ச்சியாக இருக்கிறதா, ஓய்வு கேட்கிறதா என்று தெரியும்.

13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவேக்குத் தயாராகிறீர்கள் என்று வையுங்கள். ஆறு வாரம் படிப்படியாக ஏற்றி, கடைசி வாரம் குறைத்து, களைப்பு இறங்கிய பிறகு வரிசையில் போய் நிற்க வேண்டும். அதற்கு இந்த வரைபடம் நல்ல வழிகாட்டி.

சிக்கல் என்னவென்றால், கடினத்தை அளக்க இதயத்துடிப்புப் பட்டையோ பவர் மீட்டரோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் "எவ்வளவு கஷ்டமாக இருந்தது" என்று நீங்களே குறிக்க வேண்டியதுதான். போனை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓட்டுபவர், இதற்காகச் சந்தா கட்டுவதை விட, முதலில் மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்றை வாங்கலாம். பட்டை வாங்கிய பிறகு, ஆப்பில் உங்கள் அதிகபட்ச இதயத்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 220-லிருந்து வயதைக் கழிக்கும் பொதுவான சூத்திரம் பலருக்குப் பொருந்துவதில்லை. அந்த எண் தப்பானால், அதன் மேல் கட்டிய வரைபடம் முழுவதும் தப்பு.

இதே கணக்கை இலவசமாகத் தரும் தளமும் இருக்கிறது. 'இன்டர்வல்ஸ் டாட் ஐசியூ' என்ற தளத்தில் உடற்தகுதி, களைப்பு, பவர் வரைபடம் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும், விருப்பமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம். பார்க்க ஸ்ட்ராவா அளவுக்கு அழகாக இருக்காது, பழக ஒரு வாரம் ஆகும். ஆனால் சீரியஸாகப் பயிற்சி செய்பவருக்கு ஸ்ட்ராவாவை விட ஆழமான கருவி அதுதான் என்பது நம் கருத்து. வரைபடத்துக்காக மட்டும் ஸ்ட்ராவாவுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

புது ஊர், புது பாதை

பாதை வரையும் கருவி உண்மையிலேயே நல்ல வசதி. லட்சக்கணக்கானோர் எந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறார்கள் என்ற தகவலை வைத்து, சைக்கிளுக்கு ஏற்ற பாதையை அது பரிந்துரைக்கும். கூகுள் மேப் காருக்கோ பைக்குக்கோ குறுக்கு வழி காட்டும். இது மற்ற சைக்கிள்காரர்கள் போன வழியைக் காட்டும். சிக்னல் இல்லாத இடத்துக்காகப் பாதையை முன்பே இறக்கியும் வைக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஓட்டுபவர்கள் அதிகம் உள்ள இடத்தில்தான் இந்தப் பரிந்துரை நன்றாக வேலை செய்யும். கிராமத்துச் சாலைகளில் தகவல் குறைவு, பரிந்துரையும் சுமார்தான். வருடத்துக்கு ஒரு டூர் போகிறவர், கார்மின் கனெக்ட் போன்றவற்றின் இலவசக் கருவியில் பாதை போட்டுக்கொள்ளலாம். அல்லது நண்பரிடம் ஜிபிஎக்ஸ் கோப்பு வாங்கி சைக்கிள் கம்ப்யூட்டரில் ஏற்றலாம்.

ஏஐ அறிவுரை பற்றி ஒரு வரி. 2024-ல் வந்த 'அத்லெட் இன்டெலிஜென்ஸ்', நீங்கள் ஓட்டி முடித்ததை வாக்கியமாக எழுதிக் காட்டும். எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் புதிதாக எதுவும் இருக்காது.

விலைக் கணக்கு

அமெரிக்காவில் மாதச் சந்தா 11.99 டாலர், ஆண்டுச் சந்தா 79.99 டாலர். நான்கு பேர் வரை சேரும் குடும்பத் திட்டம் ஆண்டுக்கு 139.99 டாலர். மற்ற நாடுகளில் விலை வேறு என்பதால், இந்தியாவில் உங்கள் ஆப்பின் சந்தா பக்கத்தில் காட்டும் ரூபாய்த் தொகையை வைத்தே முடிவெடுங்கள். ஸ்ட்ராவா இணையதளம், ஆப் ஸ்டோர் இரண்டிலும் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அந்த அமெரிக்க எண்களில் ஒரு விஷயம் தெரிகிறது. மாதம் மாதம் 12 முறை கட்டினால் 143.88 டாலர், கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் ஆறு மாதம் வரை மட்டும் தேவையென்றால் மாதச் சந்தாதான் மலிவு. பிரெவே சீசனுக்கு மூன்று மாதம், டூருக்கு ஒரு மாதம் என்று கட்டிவிட்டு நிறுத்துவதுதான் பலருக்கும் சரிப்பட்டு வரும். நிறுத்தினால் பழைய பயணப் பதிவுகள் அழியாது. மொத்தத்தையும் ஸ்ட்ராவா இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும்.

அலுவலகத்துக்குப் போய்வர, வாரத்தில் இரண்டு நாள் உடம்புக்காக ஓட்டுறீங்களா? அந்தக் காசில் ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், பஞ்சர் கிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசு கட்டாமலே செய்ய வேண்டிய வேலை

ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வெப்ப வரைபடத்தில் ராணுவ முகாம்களின் அமைப்பு தெரிவதை 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். 2024 அக்டோபரில் பிரான்ஸின் 'லு மோந்த்' பத்திரிகை, அமெரிக்க, பிரான்ஸ், ரஷ்யத் தலைவர்களின் பாதுகாவலர்கள் பொதுவில் போட்ட ஓட்டப் பதிவுகளை வைத்தே தலைவர்களின் நடமாட்டத்தை ஊகிக்க முடிந்ததாகச் செய்தி வெளியிட்டது. நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் விலை உயர்ந்த சைக்கிள் தினமும் எந்த வீட்டிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதை ஊருக்கே சொல்ல வேண்டுமா? தனியாக ஓட்டும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

செட்டிங்ஸில் 'பிரைவசி கன்ட்ரோல்ஸ்' போய், 'மேப் விசிபிலிட்டி' என்ற இடத்தில் தொடக்கமும் முடிவும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். பதிவுகளை 'ஃபாலோயர்ஸ்' மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். இரண்டும் இலவசம், இரண்டு நிமிட வேலை.

சந்தாவை நிறுத்தும்போது

பணம் கட்டாமல் பார்க்கும் சோதனைக் காலம் தருவார்கள். அது முடிந்ததும் தானாகவே பணம் எடுக்கப்படும். சேர்ந்த அன்றே போனில் ஒரு ரிமைண்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது, பலர் ஏமாறுவது இங்கேதான். கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் அங்கே 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியிலும், ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கிலும், இணையதளத்தில் கட்டியிருந்தால் ஸ்ட்ராவா தளத்திலும் போய் ரத்து செய்ய வேண்டும். எங்கே கட்டினீர்களோ, அங்கேதான் நிறுத்த முடியும்.