கம்பி வழியே ஒலித்த குரல்: பூதிகோட்டை காட்டிய வழி

பங்காருபேட்டை: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தின் பங்காருபேட்டை வட்டத்தில் உள்ள சிற்றூர் பூதிகோட்டை. ஹைதர் அலி பிறந்த ஊராக வரலாற்று நூல்கள் குறிப்பிடும் இவ்வூருக்கு, இந்திய ஒலிபரப்பு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. கிராமங்கள் வானொலி நடத்த உரிமம் பெற இயலாத காலத்தில், தொலைக்காட்சி கேபிள் வழியாகத் தன் குரலைத் தானே ஒலிக்கச் செய்த ஊர் இது.

'நம்ம த்வனி' எனப்படும் இம்முயற்சி 2001ஆம் ஆண்டு தொடங்கியது. 'நம் குரல்' என்பது இக்கன்னடப் பெயரின் பொருள். பெங்களூருவைச் சேர்ந்த வாய்சஸ், மைராடா ஆகிய தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோவின் உதவியுடன் இங்கு ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தன. மகளிர் சுய உதவிக் குழுவினரும் உள்ளூர் இளைஞர்களும் பேட்டி எடுக்கவும், பதிவு செய்யவும், தொகுக்கவும் பயின்றனர். தொடக்கத்தில் நிகழ்ச்சிகள் குழுக் கூட்டங்களில் ஒலிநாடாவாகவும், பொது இடங்களில் ஒலிபெருக்கி வழியாகவும் கேட்கப்பட்டன. பின்னர் உள்ளூர் கேபிள் இணைப்பில் ஒரு தடம் கிடைத்தது. படமின்றி, தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அண்டை வீட்டுப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

இந்தச் சுற்றுவழி ஏன் தேவைப்பட்டது? 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி அலைவரிசையில் ஒலிபரப்புவது அப்போது குற்றமாக இருந்தது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பின்னரும், கிராமத்தவர் உரிமம் கோருவதற்கு விதிமுறை ஏதும் வகுக்கப்படவில்லை. ஆனால், ஏலத்தில் உரிமம் பெற்ற நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் 2001 ஜூலையில் பெங்களூருவில் ஒலிக்கத் தொடங்கியது. பணம் செலுத்தியவருக்கு நகரில் அலைவரிசை. அதே ஆண்டில் பூதிகோட்டைக்குக் கிடைத்தது ஒலிநாடாவும் ஒலிபெருக்கியும் மட்டுமே.

2002 இறுதியில் மத்திய அரசு சமுதாய வானொலிக்கு அனுமதி அளித்தபோதும், அது கல்வி நிறுவனங்களோடு நின்றது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரியில் தொடங்கியது அவ்வாறே. தொண்டு அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில்தான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், இன்றைய தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' ஒலிக்கத் தொடங்கியது.

2006ஆம் ஆண்டின் விதிகளும் தாராளமானவை அல்ல. ஒலிபரப்பியின் ஆற்றல் பொதுவாக 100 வாட். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது நல்ல நிபந்தனையே. எனினும் செய்திகளும் நடப்பு விவகாரங்களும் விலக்கப்பட்டன. ஊரில் நடப்பதைப் பேசுவதற்கென்றே தொடங்கும் வானொலிக்கு இது விசித்திரமான கட்டுப்பாடு.

சொந்த ஊரில் ஒலிபரப்பாளராகப் பணிபுரிய விரும்புவோருக்கு அதைவிடப் பெரிய தடை வருமானம். விளம்பரத்திற்கு மணிக்கு 5 நிமிடங்கள் என்றிருந்த வரம்பு பின்னர் 7 நிமிடங்களாகவும், 2024இல் 12 நிமிடங்களாகவும் உயர்த்தப்பட்டது. அரசு விளம்பரத்திற்கான கட்டணம் அதே ஆண்டில் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய் ஆனது.