ஸ்கூபா முக்குளிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

மூச்சுக் கருவியின் உதவியுடன் கடலுக்கடியில் இறங்கிப் பார்ப்பது ஸ்கூபா முக்குளிப்பு அல்லது ஸ்கூபா டைவிங் எனப்படுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்குக் கருவி, படகு, பயிற்றுநர் ஆகியவற்றை வழங்கி அவர்களை நீருக்கடியில் அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் டைவ் சென்டர்கள் என்று அழைக்கப்படுகின்றன. சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் ஆகியவற்றில் வசிப்போருக்கு இத்தகைய தீவுச் சுற்றுலாவில் எளிதாக அமைவது அந்தமான். மீனம்பாக்கம் விமான நிலையம் அவர்களுக்கு அருகில் உள்ளது. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு நேரடி விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்றும், முக்குளிப்புக்குப் பெயர்பெற்ற ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டன. பயண முகவர்களும் பயணிகளும் பழைய பெயர்களையே இன்னும் பரவலாகப் பயன்படுத்துவதால் இக்கட்டுரையிலும் அவையே வருகின்றன.

பெரும்பாலான பயணிகள் டைவ் சென்டரைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. டிராவல்ஸ் அலுவலகத்தில் விமானம், ஓட்டல், கப்பல் ஆகியவற்றோடு சேர்த்து விற்கப்படும் பேக்கேஜில் 'ஸ்கூபா உண்டு' என்று ஒரு வரி இருக்கும். யார் அழைத்துச் செல்வார்கள், எந்த இடத்தில், எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது தீவின் படகுத்துறையில்தான் தெரியவரும். பணம் கட்டியாகிவிட்டது, குடும்பம் காத்திருக்கிறது, நாளை மறுநாள் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிலையில் அங்கே நின்று 'வேண்டாம்' என்று சொல்வது கடினம். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளைப் புறப்படுவதற்கு முன்பே, முகவரிடம் அல்லாமல் டைவ் சென்டரிடமே நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. பேக்கேஜில் எந்த சென்டர் என்று முகவர் பெயர் சொல்ல மறுத்தால், முக்குளிப்பை அதிலிருந்து நீக்கித் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

எது ஸ்கூபா, எது அல்ல

போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள நார்த் பே, ஹேவ்லாக்கின் எலிஃபென்ட் பீச் போன்ற இடங்களில் பல வகை நீர் விளையாட்டுகள் அருகருகே விற்கப்படுகின்றன. (பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் உள்ள காட்சி இந்த நார்த் பே பகுதிதான்.) நீர்மட்டத்தில் மிதந்தபடி முகமூடி வழியாகக் கீழே பார்ப்பது ஸ்நார்கெலிங். தலையில் பெரிய கவசத்தை மாட்டி, மேலிருந்து குழாயில் காற்று செலுத்திக் கடல்தரையில் நடக்கவைப்பது சீ வாக். முதுகில் காற்று உருளையைச் சுமந்து, வாயில் ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு இறங்குவது மட்டுமே ஸ்கூபா. பேக்கேஜில் எது சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்கூபாவிலும் இரண்டு நிலைகள் உண்டு. நீச்சல் தெரியாதவரும் பயிற்றுநரின் பிடியிலேயே ஒருமுறை இறங்கிப் பார்ப்பது அறிமுக முக்குளிப்பு. இதன் உச்ச ஆழம் 12 மீட்டர். பெரும்பாலும் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே முடிந்துவிடும். மற்றொன்று ஓப்பன் வாட்டர் எனப்படும் சான்றிதழ்ப் படிப்பு. இதில் பாடம், குளப் பயிற்சி, நான்கு கடல் முக்குளிப்புகள் அடங்கும். 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இச்சான்றிதழ் பெற்றவர் துணையுடன் 18 மீட்டர் வரை செல்லலாம். பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடல் முக்குளிப்புகளை மட்டும் தீவில் செய்துகொள்ளும் முறையும் உண்டு. விடுமுறையின் பாதி நாளை வகுப்பில் கழிக்க விரும்பாதவர்களுக்கு இது ஏற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியிலும் புதுச்சேரியிலும் பயிற்சி மையங்கள் இயங்குகின்றன.

மூச்சை அடக்கக் கூடாது

முத்துக்குளித்தலும் சங்கு குளித்தலும் மன்னார் வளைகுடாவின் பழந்தொழில்கள். அவற்றில் ஈடுபட்டோர் மூச்சை அடக்கிக்கொண்டே மூழ்கினர். தமிழ் வழக்கில் மூழ்குதல் என்றாலே மூச்சடக்குதல்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்கூபாவின் முதல் விதியோ இதற்கு நேர் எதிரானது.

கடல்மட்டத்தில் உடலின் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் ரெகுலேட்டர் தரும் காற்று மேலே உள்ளதைவிட இருமடங்கு அடர்த்தியானது. அந்தக் காற்றால் நுரையீரலை நிரப்பிக்கொண்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அது இருமடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் இரத்தத்தில் கலந்தால் மூளை பாதிக்கப்படும். இரண்டு மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து எழும்போதும் இது நேரக்கூடும். முத்துக்குளிப்போருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் உள்ளிழுத்தது மேற்பரப்பின் காற்று. கீழே சென்றபோது அது சுருங்கியது, மேலே வந்தபோது பழைய அளவுக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தை இங்கே ஒப்பிடலாம். அதில் மூவர் 6000 மீட்டர் ஆழத்துக்குச் செல்லத் திட்டமிடப்பட்டுள்ளது. அழுத்தம் முழுவதையும் டைட்டானியக் கோளம் தாங்கிக்கொள்வதால் உள்ளே இருப்போர் நிலத்தில் உள்ள அழுத்தத்திலேயே இருப்பார்கள். ஸ்கூபா செய்பவருக்கு அப்படி எந்த ஓடும் கிடையாது.

பதற்றமடைந்த புதியவர் இயல்பாகச் செய்வது மூச்சை அடக்குவதும் மேலே பாய்வதும்தான். ஆகவே ஒரு டைவ் சென்டரை மதிப்பிட முதல் அளவுகோல், தண்ணீரில் இறக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் விளக்கம் தருகிறார்கள் என்பது. இடுப்பளவு நீரில் ரெகுலேட்டர் வழியாக மூச்சுவிடவும், முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றவும், காதழுத்தத்தைச் சமன்செய்யவும் பழக்கிய பிறகே ஆழத்துக்குச் செல்ல வேண்டும். அந்தமானில் தமிழ் பேசுவோர் நிறைய பேர் உள்ளதால், தமிழில் விளக்கக்கூடிய பயிற்றுநர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். சைகைகளைப் பொறுத்தவரை ஒன்று முக்கியம். நம்மூரில் கட்டைவிரலை உயர்த்தினால் 'சரி, சூப்பர்' என்று பொருள். நீருக்கடியில் அதன் பொருள் 'மேலே போகலாம்'. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்ப்பதுதான் 'சரி'.

பயிற்றுநர்

பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற பன்னாட்டுப் பயிற்சி அமைப்புகளின் பெயர்ப் பலகை கடை வாசலில் இருப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட நாளில் உடன் இறங்கப்போகும் நபருக்குத் தகுதி இருக்க வேண்டும். டைவ்மாஸ்டர் என்பது ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களுக்கு வழிகாட்டும் நிலை. புதியவருக்குக் கற்றுத்தரும் தகுதி பயிற்றுநருக்கு உரியது. பயிற்றுநருக்கு உறுப்பினர் எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அமைப்பின் இணையதளத்தில் அவர் நடப்பு நிலையில் உள்ளவரா என்று சரிபார்க்கலாம். இதைக் கேட்டால் நல்ல நிறுவனங்கள் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியையும் அதேபோலக் கேட்கலாம்.

அறிமுக முக்குளிப்பில் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்பது அந்தமானில் பரவலாக உள்ள வழக்கம். ஒரே பயிற்றுநர் இருவரையோ மூவரையோ பிடித்துச் செல்வதாக இருந்தால், ஒருவர் பதறும்போது மற்றவர் தனித்துவிடப்படுகிறார். விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்படும் 'இலவச வீடியோ'வும் இங்கேதான் சிக்கலாகிறது. புதியவரைப் பிடித்திருக்க வேண்டிய கையில் கேமரா இருந்தால், அந்த வீடியோ உண்மையில் இலவசம் அல்ல. படம் எடுப்பவர் வேறொருவராக இருப்பது நல்லது.

இடத்தையும் கேட்க வேண்டும். ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் கரையிலிருந்தே இறங்கக்கூடிய ஆழம் குறைந்த இடம். புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் போன்றவை ஆழமானவை, நீரோட்டம் உள்ளவை, அனுபவம் பெற்றவர்களுக்கு உரியவை. கடலின் உள்ளூர் இயல்பை அறிந்தவர் உடனிருப்பதன் தேவைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தமானில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார்.

கருவிகள்

கருவிகளைப் பற்றிப் புதியவர் அதிகம் தீர்மானிக்க இயலாது என்றாலும் சிலவற்றைப் பார்க்கலாம். உருளையின் கழுத்தருகே சோதனைத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். நிரம்பிய உருளை சுமார் 200 பார் காட்டும். அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கைந்து முறை மூச்சிழுத்தால் முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை. காற்றில் எண்ணெய் அல்லது புகை வாடை அடித்தால் அந்த உருளையை மறுத்துவிட வேண்டும். கம்ப்ரஸரின் காற்று வாய் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு கலக்க வாய்ப்புண்டு. அந்த வாயுவுக்குத் தனக்கென வாடை இல்லை என்பதால் உடன் வரும் புகை வாடைதான் எச்சரிக்கை. படகில் ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. முக்குளிப்பு விபத்துகளுக்கு முதலுதவி தூய ஆக்சிஜன்தான். ஹேவ்லாக்கில் விபத்து நேர்ந்தால் போர்ட் பிளேருக்குக் கடல் கடந்தோ ஹெலிகாப்டரிலோ செல்ல வேண்டியிருக்கும். அழுத்த அறைச் சிகிச்சைக்கு எங்கே கொண்டுசெல்வார்கள், எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் வர வேண்டும்.

உடல்நலப் படிவம்

ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அல்லது நெஞ்சு அறுவை சிகிச்சை, கர்ப்பம் முதலியவை பற்றிய கேள்விகள் அடங்கிய படிவத்தை நிரப்பாமல் யாரையும் இறக்கக் கூடாது. இதில் உரிய கேள்விகளுக்கு 'ஆம்' என்று பதில் அமைந்தால் மருத்துவரின் ஒப்புதல் தேவை. நடைமுறையில் இப்படிவம் முக்குளிப்புக்குச் சில நிமிடங்கள் முன்புதான் கையில் தரப்படுகிறது. அந்த நேரத்தில் தீவில் மருத்துவரைத் தேடிப் போக யாருக்கும் மனம் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பும் நிறுவனம் இந்தப் பொய்க்கு இடம் தருவதில்லை.

காசநோய் வந்து குணமானவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நுரையீரலில் எஞ்சியிருக்கும் தழும்போ குழியோ காற்றைச் சிறைப்படுத்தினால், மூச்சை அடக்காதவருக்கும் மேலே சொன்ன ஆபத்து நேரலாம். தாமாகவே நுரையீரல் சுருங்கிய வரலாறு உள்ளவர்கள் முக்குளிப்பதைத் தவிர்க்குமாறே பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றனர். 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக உள்ளது. தென் புறநகரில் நெஞ்சக மருத்துவரைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சளி பிடித்திருந்தால் எல்லோருமே அன்று இறங்காமல் இருப்பது நல்லது. அடைத்த காதில் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியலாம்.

விமானத்துக்கு முந்தைய நாள்

அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைகிறது. மேலே வந்த பின் அது மெல்ல வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால், அங்குள்ள குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் குமிழ்களாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கலாம். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்டதற்குப் பின் 18 மணி நேரமும் விமானத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது பரிந்துரை. பலர் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்கின்றனர்.

குறுகிய பேக்கேஜ்கள் தவறுவது இங்கேதான். ஹேவ்லாக்கில் முக்குளித்து, கப்பலில் போர்ட் பிளேர் திரும்பி, இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் விமானம் ஏறினால் கணக்கு சரியாக இருக்கும். கடைசி நாள் காலை நார்த் பேயில் ஸ்கூபா, பிற்பகல் சென்னை விமானம் என்று அட்டவணை இருந்தால் அதை மாற்றச் சொல்ல வேண்டும். இறங்குவதற்கு முன் 'உங்கள் விமானம் எப்போது?' என்று தாமாகவே கேட்கும் டைவ் சென்டரை நம்பலாம். வானிலை மோசமானால் முக்குளிப்பை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித்தரும் நிறுவனமும் அப்படித்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்த விதியைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும் என்பதால் பாலிசியையும் ஒருமுறை படிப்பது நல்லது.

பிற தீவுகள்

இலட்சத்தீவுக்கு இந்தியர்களும் நுழைவு அனுமதி பெற வேண்டும். விமானங்கள் பெரும்பாலும் கொச்சி வழியாகச் செல்கின்றன. மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்பின் ஆழம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியே உள்ளது. இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலையை அடுத்த புறாத் தீவு பிரபலமானது. அந்தமானில் மழை பெய்யும் மாதங்களில் இங்கே கடல் அமைதியாக இருக்கும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடக்கிறது. சுமார் 53 மீட்டர் ஆழத்தில் உள்ள அதற்குச் செல்ல ஓப்பன் வாட்டர் சான்றிதழ் போதாது. தனித் தொழில்நுட்பப் பயிற்சி வேண்டும். அதைப் புதியவர்களுக்குக் காட்டுவதாக யாரேனும் சொன்னால், அவரிடம் மேற்கொண்டு வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.