வெயில், பாசி, மீன்: ஒரு நகரத்தின் கழிவு சோறாகும் கதை

கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால் நகரத்தின் தரை சாய்ந்திருப்பதோ கிழக்குப் பக்கம். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு தன் வண்டலைக் கரையோரத்தில்தான் முதலில் இறக்குகிறது. அதனால் ஆற்றங்கரை மேடாகிறது, ஆற்றை விட்டு விலக விலக நிலம் தாழ்கிறது. நகரத்தின் மழைநீரும், வீடுகளின் கழிவுநீரும் இந்தச் சாய்வைப் பின்பற்றிக் கிழக்கே போகின்றன. நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல் வெளியேறும் கழிவுநீரில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம், சுமார் 12,500 ஹெக்டேர் பரந்த ஒரு சதுப்பு. மீன் குளங்கள், நெல் வயல்கள், காய்கறிக் கொல்லைகள், இவற்றுக்கு நடுவே ஊர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். 2002-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் உப்புநீர் ஏரியாக இருந்தது. வித்யாதரி ஆற்றின் வழியாகக் கடல் ஓதம் உள்ளே வந்துபோகும். ஆறு மெல்ல மெல்லத் தூர்ந்தது. 1928-இல் அது செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. உப்புநீர் வருவது நின்றது, நகரத்தின் கழிவுநீர் வருவது கூடியது. உப்புநீர் மீனை நம்பியிருந்தவர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடினார்கள். 1930 வாக்கில், கழிவுநீரை அளவோடு குளத்துக்குள் விட்டு நன்னீர் மீன் வளர்த்துப் பார்த்தார்கள். மீன் வளர்ந்தது. அன்று தொடங்கிய தொழில் இன்று ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீனைக் கொல்கத்தாச் சந்தைகளுக்கு அனுப்புகிறது. பக்கத்திலேயே விளைவதால் ஐஸ் செலவும் வண்டிச் செலவும் குறைவு. கூலி வேலை செய்பவர் வீட்டிலும் மீன்குழம்பு கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாக்கடைத் தண்ணீர் எப்படி மீனாகிறது? கழிவுநீரில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். மீதமுள்ளதில் முக்கியமானது உயிர்ப்பொருள் கசடு. குளத்து பாக்டீரியாக்கள் அந்தக் கசடைத் தின்று சிதைக்கின்றன. அதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். சிதைவிலிருந்து கரியமில வாயுவும், நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் வெளிவருகின்றன. பாசிக்கு வேண்டியவை இவையேதான். வெயில் பட்டதும் பாசி இந்தச் சத்துகளை எடுத்துக்கொண்டு வளர்கிறது, ஆக்சிஜனைத் தண்ணீரில் விடுகிறது. அந்த ஆக்சிஜனை பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. குளத்தின் ஆழம் இடுப்பளவு, மிஞ்சிப் போனால் நெஞ்சளவு என்பதால் வெயில் நன்றாக உள்ளே இறங்குகிறது.

பாசி தாறுமாறாகப் பெருகினால் ஆபத்து. அது மொத்தமாகச் செத்து அழுகும்போது அதுவே புதுக் கழிவாகிவிடும். அதைத் தடுப்பது மீன். கட்லா, ரோகு, மிருகால், வெள்ளிக்கெண்டை, ஜிலேபிக் கெண்டை என்று தண்ணீரின் மேல்மட்டத்திலும் நடுவிலும் அடியிலும் மேய்கிற மீன்களைக் கலந்து விடுகிறார்கள். பாசியும், அதை உண்ணும் நுண்ணுயிரிகளும், அடிக்கசடும் மீனின் உடம்பாகின்றன. இயந்திரச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றடிக்கும் மோட்டார் செய்கிற வேலையை இங்கே பாசி செய்கிறது. அங்கே மீந்துபோய்த் தலைவலி கொடுக்கிற கசடு இங்கே மீனாகித் தராசில் ஏறுகிறது.

நோய்க்கிருமிகள்? பிற்பகலில் பாசி மும்முரமாக வேலை செய்யும்போது தண்ணீரில் கரைந்த கரியமில வாயு தீர்ந்துபோகிறது. தண்ணீரின் காரத்தன்மை ஏறி, பிஹெச் அளவு 9-ஐத் தொடுகிறது, சில வேளை தாண்டவும் செய்கிறது. குடலில் வாழப் பழகிய கிருமிகளால் இந்தக் காரத்தையும் கடும் வெயிலையும் ஒருசேரத் தாங்க முடிவதில்லை. பல நாள் குளத்தில் தங்கி வெளியேறும் தண்ணீரில் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அழிந்திருக்கும். அந்தத் தண்ணீர் அடுத்து நெல் வயலுக்குப் பாய்கிறது.

இது தானாக நடப்பதில்லை. குளிர்காலத்தில் குளத்தை வடித்துக் காயவிடுகிறார்கள். அடிமண்ணைக் கிளறி, சுண்ணாம்பு போட்டு, பிறகு கழிவுநீரை விட்டுச் சில வாரங்கள் பக்குவப்பட விடுகிறார்கள். தண்ணீர் பச்சை பிடித்ததும் முதலில் கொஞ்சம் மீன்களை மட்டும் விட்டுப் பார்க்கிறார்கள். அவை பிழைத்தால்தான் மற்றவற்றை விடுவது. அதற்கப்புறம் ஆண்டு முழுக்க, கைக்குழந்தைக்குச் சோறூட்டுவதைப் போல, அளவறிந்து கழிவுநீரைத் திறந்துவிட வேண்டும். கூடினால் ஆக்சிஜன் தீர்ந்து ஒரே இரவில் மீன் மிதக்கும். குறைந்தால் மீன் நோஞ்சானாகும். கரையோரமாக ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்துகிறார்கள். அது அலை அரிப்பிலிருந்து கரையைக் காக்கிறது, வேரில் உலோகங்களைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது, வெயில் நேரத்தில் மீனுக்கு நிழலும் தருகிறது.

அளவை எப்படி அறிகிறார்கள்? தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, நாற்றத்தைப் பிடித்து, முக்கியமாக விடியற்காலையில் குளத்தைப் பார்த்து. இரவில் பாசி ஆக்சிஜன் தருவதில்லை, அதுவும் சேர்ந்து சுவாசிக்கிறது. ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால் முந்தைய நாள் விட்ட கழிவுநீர் அதிகம் என்று பொருள். மதகை அடைத்துவிடுவார்கள். மேற்பரப்பு அமைதியாக இருந்தால் வெயில் ஏறிய பிறகு திறப்பார்கள். ஆய்வகத்தில் கரைந்த ஆக்சிஜனை அளந்து எடுக்கிற அதே முடிவை, அதே காரணத்துக்காகவே, இவர்கள் மீனின் வாயைப் பார்த்து எடுக்கிறார்கள்.

நகரத்துக் கழிவுநீர் என்ன ஆகிறது என்று கண்டறியும் பொறுப்பு 1980-களின் தொடக்கத்தில் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளரிடம் வந்தது. அவர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனார், இந்தக் குளங்களைக் கண்டார். சுத்திகரிப்பு நிலையம் கட்டப் படித்தவர், ஏற்கெனவே ஒன்று இயங்கிக்கொண்டிருப்பதைப் புரிந்துகொண்டு, மீனவர்களிடமே மாணவராக உட்கார்ந்தார். 2018-இல் இறக்கும் வரை இந்த ஈரநிலத்தை வரைபடமாக்குவதிலும், விளக்குவதிலும், காப்பதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை விதித்தது. 2006-இல் தனிச் சட்டமே வந்தது.

ஆனாலும் நிலத்தின் மீது நகரத்தின் கண் இருந்துகொண்டேதான் இருக்கிறது. வேறொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. கொல்கத்தாவின் கிழக்குப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போனது. அதில் பயன்படும் குரோமியமும், பிற ஆலைகளின் ஈயமும் கழிவுநீரில் கலந்தால் பாக்டீரியாவால் அவற்றைச் சிதைக்க முடியாது. அவை அடிக்கசடில் படிந்துகொண்டே போகும். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் குரோமியத்தை நிறத்தாலோ நாற்றத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மாதிரி எடுக்கவும் சோதிக்கவும் தெரிந்த ஆள் வேண்டும், கருவி வேண்டும், ஆலை வாசலிலேயே தடுக்கும் அதிகாரமும் வேண்டும்.

அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்க ஈரநிலப் பராமரிப்புப் பயிற்சி ஒன்று வேண்டும்; அதன் உள்ளடக்கம் என்னவாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் குளங்களே சொல்கின்றன. இன்று நீர்வளப் பொறியியல் ஒரு துறை, மீன்வளம் ஒரு துறை, வேளாண்மை ஒரு துறை, பொதுச் சுகாதாரம் ஒரு துறை. குளத்தில் அந்தப் பிரிவினை இல்லை. மதகை ஓர் அங்குலம் கூடுதலாகத் திறந்தால் அது மீனுக்கும் நெல்லுக்கும் நோய்க்கும் ஒரே நேரத்தில் கணக்காகிறது. ஆகவே சில நாள் பட்டறையும் சான்றிதழும் போதாது. பயிற்சிக்கு வருகிறவர் குளம் வடிக்கும் குளிர்காலத்தில் வந்து, அடுத்த குளிர்காலம் வரை ஒரு முழுச் சுற்றைக் கரையில் நின்று பார்க்க வேண்டும். விடியற்காலையில் கருவியில் ஆக்சிஜனை அளந்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மீனவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் மீனவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் மரியாதையும் கிடைக்க வேண்டும். அதேபோல ஆய்வகத்தின் உலோக அளவுகள் ஆங்கில அறிக்கையாக அலமாரியில் கிடக்காமல், வங்காள மொழியில் குளத்துக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தன் குளத்தில் என்ன படிகிறது என்பதை அறியும் உரிமை அவருக்குத்தான் முதலில் உண்டு. மீனின் வாயைப் படிக்கத் தெரிந்தவரும் குரோமியத்தை அளக்கத் தெரிந்தவரும் ஒரே கரையில் நின்றால்தான் இந்த மீனை நம்பிச் சாப்பிடலாம். அந்த இருவரையும் சேர்த்து நிறுத்துவதுதான் பயிற்சியின் முதல் வேலை.