வாயில் கோளாறு, காரணம் மாத்திரையில்

அத்திபெலேயில் வேலை, ஓசூரில் வீடு என்று தினமும் மாநில எல்லை தாண்டுகிறவர்கள் ஏராளம். பிபி மாத்திரை ஓசூர் டாக்டர் எழுதியது, பல் பார்ப்பது பெங்களூரில், காய்ச்சலுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. மருந்தால் வாயிலும் முகத்திலும் வருகிற தொல்லைகள் பல இப்படித்தான் பிடிபடாமல் போகின்றன.

ஈறு தடித்தால்

இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக இருக்கும் ஈறு முதலில் உப்பும். பிறகு பல்லின் மேலேயே ஏறத் தொடங்கும்; துலக்கினால் ரத்தம் வரும். பிபிக்குத் தரும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாமே சிலருக்கு இதைச் செய்யும். ஃபெனிடாயினால் ஈறு வளர்வது 1939இலேயே பதிவான செய்தி. பல்லில் அழுக்கு சேரச் சேர வளர்ச்சியும் கூடும். பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, வேறு மருந்துக்கு மாறலாமா என்று எழுதித்தந்த டாக்டரையே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு திரும்பி வரும்.

உதடு வீங்கினால்

எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற பிபி மாத்திரைகள் வருடக்கணக்கில் ஒத்துப்போயிருந்தாலும் ஒருநாள் திடீரென்று உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கலாம். பூச்சி கடித்திருக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்; எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 108தான்.

வாய் கோணினால்

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, முக்கியமாக இளவயதினருக்கு, தாடையை இறுக்கி, கழுத்தைத் திருப்பி, நாக்கை வெளியே தள்ள வைக்கலாம். பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள், காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் பெரும்பாலும் ஓர் ஊசியில் அடங்கிவிடும். ஆனால் பக்கவாதமா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கொடுத்த மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.

சிவப்பழகு கிரீம்

எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஸ்டீராய்டு கலந்த கிரீமைச் சிவப்பழகுக்கென்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, முடியும் முளைக்கிறது. நிறுத்தினால் எரிச்சல், அதற்குப் பயந்து மறுபடி அதே கிரீம். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

இன்னும் சில

ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளித்தால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படிவது குறையும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்குமுன் அதைப் பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம்.